அசைபோடும் பண்ணை விலங்குகளின் நேர்மறை நலனை அளவிடுதல்: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

நோயும் பசியும் இல்லாத நிலையே விலங்கு நலன் என்ற கருத்து மாறி, விலங்கு நல்ல உணர்வுகளையும் பெற வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றுள்ளது. அந்நல்லுணர்வை அளவிடும் முறைகள் எந்த அளவிற்கு நம்பத்தக்கவை என்பதைக் கறவை மாடுகளை முன்வைத்து இக்கட்டுரை திறனாய்கிறது.

திறவுச் சொற்கள்: நேர்மறை நலன், கறவை மாடு, பண்புசார் நடத்தை மதிப்பீடு, ஊக்கச் சோதனை

முன்னுரை

1965இல் வெளிவந்த பிராம்பெல் குழு அறிக்கை, பண்ணை விலங்கு எழவும் படுக்கவும் திரும்பவும் தன் உடலைத் தூய்மை செய்யவும் கால்களை நீட்டவும் இடம் வேண்டும் என்றது. 1979இல் பிரிட்டனின் பண்ணை விலங்கு நலக் குழு இதனை ‘ஐந்து விடுதலைகள்’ என விரித்தது. பசி, வலி, அச்சம் முதலியவற்றை நீக்குவதே அவற்றின் மைய நோக்கம். அதே குழு 2009இல் ‘வாழத்தக்க வாழ்வு’, ‘நல்வாழ்வு’ என்னும் கருத்துகளை முன்வைத்தபோது கேள்வி மாறியது. துன்பம் இல்லை என்பதைக் காயத்தாலும் நொண்டுதலாலும் ஓரளவு கணக்கிடலாம். இன்பம் உண்டு என்பதை எவ்வாறு கணக்கிடுவது?

சொற்களால் அளத்தல்

ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியுடன் உருவான ‘வெல்ஃபேர் குவாலிட்டி’ நெறிமுறை (2009) நான்கு கொள்கைகளையும் பன்னிரண்டு அளவுகோல்களையும் கொண்டது. அவற்றுள் இறுதியானதே ‘நேர்மறை உணர்வு நிலை’. இதனை மதிப்பிடப் பயன்படுவது பண்புசார் நடத்தை மதிப்பீடு. மதிப்பீட்டாளர் மந்தையைச் சிறிது நேரம் உற்றுநோக்கி, ‘அமைதியான’, ‘விளையாட்டுத்தனமான’, ‘சலிப்புற்ற’ என்பன போன்ற இருபது சொற்களுக்கு 125 மில்லிமீட்டர் கோட்டில் குறியிடுவார்.

இம்முறையின் சிறப்பு, விலங்கை உறுப்புகளாகப் பிரிக்காமல் முழுமையாகக் காண்பது. ஆயினும் இதில் இரு குறைகள் உள்ளன. முதலாவது, ஃபிரான்சுவாஸ் வெமல்ஸ்ஃபெல்டர் பன்றிகளைக் கொண்டு இம்முறையை வளர்த்தபோது, உற்றுநோக்குவோர் தம் சொற்களைத் தாமே தேர்ந்தனர். பண்ணைத் தணிக்கைக்காகப் பட்டியல் நிலைப்படுத்தப்பட்டதும் அந்த உரிமை மறைந்தது. இரண்டாவது, முன்முடிவின் தாக்கம். 2014இல் டைட்டன்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஒரே காணொளி வேறுவேறு பின்னணித் தகவலுடன் மாணவர்க்குக் காட்டப்பட்டபோது அவர்கள் அளித்த மதிப்பெண்கள் மாறின.

தமிழில் இச்சிக்கல் மேலும் கூர்மை பெறுகிறது. ‘சாதுவான மாடு’ என்பது நம் வழக்கில் பாராட்டு. அது கறப்பவரின் வசதியைச் சொல்கிறதேயன்றி மாட்டின் உணர்வைச் சொல்வதில்லை. அமைதி, மந்தம், சோர்வு ஆகியவற்றை வேறுபடுத்தாமல் பட்டியலை மொழிபெயர்த்தால், காய்ச்சலால் ஒடுங்கி நிற்கும் மாடும் நல்ல மதிப்பெண் பெறக்கூடும்.

உடற்குறிகளால் அளத்தல்

சொற்களைத் தவிர்க்க விரும்பியோர் உடற்குறிகளை நாடினர். மாட்டைத் தடவிக்கொடுக்கும்போது அதன் காது நிலை மாறுவதையும் மூக்கின் வெப்பம் குறைவதையும் புராக்டரும் கார்டரும் பதிவு செய்தனர். எனினும் அவர்களின் அடுத்த ஆய்வில், விரும்பிய தீவனம் கிடைத்தபோதும் ஏமாற்றம் நேர்ந்தபோதும் மூக்கின் வெப்பம் குறைந்தது. எனவே அக்குறி உணர்வு மாறியதைக் காட்டுகிறதே தவிர, அது நல்லதா தீயதா என்பதைக் காட்டவில்லை.

விருப்பத்தால் அளத்தல்

மாட்டையே சாட்சியாக்கும் முறை ஊக்கச் சோதனை. 2018இல் வெளியான மெக்கோனச்சி குழுவினரின் ஆய்வில், எடை கூட்டப்பட்ட கதவைத் தள்ளி மாடுகள் உள்ளே செல்ல வேண்டியிருந்தது. புதிய தீவனத்திற்காக உழைத்த அளவிற்கே உடலைத் தேய்த்துக்கொள்ளும் சுழல் தூரிகைக்காகவும் அவை உழைத்தன; வெற்றிடத்திற்காக அவ்வளவு உழைக்கவில்லை. இங்கு மனிதச் சொல் இடையிடவில்லை. ஆயின் இச்சோதனையை ஒவ்வொரு பண்ணையிலும் நடத்த இயலாது. மேலும், ஒரு பொருளை மாடு விரும்புவதும் அதனால் நெடுநாள் நலம் பெறுவதும் ஒன்றல்ல. அளவுக்கு மிஞ்சிய அடர்தீவனத்தையும் அது விரும்பி உண்ணும், பின்னர் இரைப்பை அமில நோய்க்கு ஆளாகும்.

நிறைவுரை

மூன்று முறைகளுள் எதுவும் தனித்து நிற்க வல்லதன்று. ஊக்கச் சோதனைகள் எவை மாட்டிற்கு மதிப்புடையவை என நிறுவ வேண்டும். பண்ணையில் அவ்வாய்ப்புகள் உள்ளனவா, மாடுகள் அவற்றைப் பயன்படுத்துகின்றனவா எனத் தணிக்கை காண வேண்டும். பண்புசார் மதிப்பீட்டைத் தமிழில் கையாள விரும்புவோர், மாடு வளர்ப்போரின் வழக்குச் சொற்களைத் திரட்டி, அவற்றின் பொருளைக் காணொளிகளோடு வரையறுத்த பின்னரே பட்டியல் அமைத்தல் தகும். அனைத்திற்கும் மேலாக, தூரிகை இருப்பது நொண்டும் காலுக்கு ஈடாகாது. நேர்மறை மதிப்பெண் வலியின் மதிப்பெண்ணை மறைக்குமானால், நலச் சான்றிதழ் நுகர்வோருக்கு நிறைவளிக்கலாம். மாட்டிற்கு அதனால் பயனில்லை.