ராஜாஜியும் சுதந்திராக் கட்சியும்: சேலத்திலிருந்து ஒரு பார்வை

சுதந்திராக் கட்சி பற்றி வருகிற கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே பாட்டுதான்: நேருவை எதிர்த்த கட்சி, காலத்துக்கு முன்னால் பிறந்துவிட்டது, 1991-ல் அதன் கொள்கைதான் ஜெயித்தது. கணக்கும் கொடுப்பாங்க. 1959-ல் தொடக்கம், 1967 மக்களவையில் 44 இடம், 1971-ல் 8, 1974-ல் சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தில் ஐக்கியம். சரி. சேலத்திலிருந்து பார்த்தால் கதை கொஞ்சம் வேற.

ராஜாஜி இங்கே வக்கீல், நகராட்சித் தலைவர். 1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் வைத்தார். அங்கே குடிக்கு எதிராக நடந்த வேலையைக் கவனிக்கணும். பிரசாரம்தான், 1929-லிருந்து கல்கியின் துணையோடு ‘விமோசனம்’ பத்திரிகை. கையில் போலீஸ் கிடையாது. கட்சி பின்னாளில் பேசிய தனிமனிதப் பொறுப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை.

1937-ல் மாகாணப் பிரதமரானார். அக்டோபர் 1-ந் தேதி மதுவிலக்கு முதலில் வந்தது சேலம் ஜில்லாவுக்கு (நாமக்கல்லும் அப்போ அதில்தான்). கள் இறக்குகிறவர் தொழில் ஒரே நாளில் குற்றமாச்சு. கலால் வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939-ல் பொது விற்பனை வரி. கடைக்காரரின் கணக்கு நோட்டை அதிகாரி புரட்ட வழி செய்தவர்தான், 20 வருஷம் கழித்து ‘பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம்’ என்று சாடினார்.

பதவியில் ஒன்று, வெளியே வந்தால் வேறொன்று என்று சுலபமா முடிச்சிடலாம், அது நியாயமில்லை. 1952-ல் முதல்வராக இருந்தபோதே உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியவர் அவர். 1971-ல் கருணாநிதி மதுவிலக்கைத் தளர்த்தப் போனபோது, 92 வயதில், கொட்டும் மழையில் அவர் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டார். அந்த அக்கறையைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை.

என் குறை கட்சியின் மீது. மில்லுக்கு லைசென்ஸ் கேட்பதை அடிமைத்தனமாகப் பார்த்தவர்கள், பனையேறிக்குப் போட்ட முழுத் தடையை அதே கண்ணால் பார்க்கவில்லை. 21 அம்சக் கொள்கைக்கு வெளியே உறுப்பினர்கள் அவரவர் விருப்பப்படி நிற்கலாம் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. மதுவிலக்கு அந்தச் சந்தில் புகுந்து தப்பித்தது.

லாரி, ரிக் வண்டி, கோழிப்பண்ணை, சேகோ ஆலை என்று சொந்த முதல் போட்டுப் பிழைக்கிற ஊர் இது. ‘அரசு ஒதுங்கினா போதும்’ என்பவர்கள் இங்கே நிறைய. யார் வாசலை விட்டு ஒதுங்கணும்? டாஸ்மாக்கில் அரசே சரக்கு விற்கிறது, கள் இறக்கினால் வழக்கு. ஜிஎஸ்டி பற்றி ஒரு மணி நேரம் பேசுகிற அதே நண்பர்களிடம் இதைச் சொன்னால், ‘அது வேற விஷயம்ங்க’ என்கிறார்கள்.