துடுப்பு வலித்தவர் வாசித்தால்

கோடை நாட்களில் நகரத்தை விட்டு நீங்கிக் காட்டிலே கூடாரமடித்து, ஏரிகளிலும் ஆறுகளிலும் தோணியோட்டித் திரிந்த அனுபவங்களைக் கூறும் நூல்கள் மேனாட்டு இலக்கியத்திற் பல உள்ளன. அவற்றை வாசிப்போர் நீரின் தெளிவையும் மரங்களின் அமைதியையும் நுகர்வர். தோணிக்கு உரியவர் யார், வழி கண்டவர் யார், சுமை சுமந்தவர் யார் என்னும் வினாக்கள் அந்நுகர்ச்சிக்கு இடையூறாகத் தோன்றலாம். ஆயினும் இவ்வகை இலக்கியத்தை மதிப்பிடப் புகுவோர் அவ்வினாக்களிலிருந்தே தொடங்குதல் வேண்டும் என்பது எமது கருத்து. அவ்வாறு நோக்குதற்கு ஹென்றி டேவிட் தோரோவின் 'மேய்ன் காடுகள்' மிகப் பொருத்தமான நூலாகும்.

தோரோவை நம்மவர் பெரும்பாலும் காந்தியடிகள் வாயிலாகவே அறிவர். அநீதியான அரசுக்கு அடிபணிய மறுப்பது மனிதனின் கடமை என்று வாதிட்ட கட்டுரையாளர் அவர். 1854இல் வெளிவந்த 'வால்டன்' அவரது புகழுக்கு மற்றொரு தூண். 'மேய்ன் காடுகள்' நம்மிடையே அத்துணை அறிமுகமானதன்று. 1846, 1853, 1857 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மேய்ன் மாநிலத்துக்கு அவர் மேற்கொண்ட மூன்று பயணங்களின் வரலாறு அது. 1862இல் அவர் காலமானார். நூல் 1864இலேதான் முழுமையாக அச்சேறியது. இத்தாமதத்துக்கு ஒரு காரணம் உண்டு. அக்காரணமே இக்கட்டுரையின் பொருளுமாகும்.

1846 ஜூலையில், அடிமை முறைக்குத் துணைநின்ற அரசுக்கு வரி செலுத்த மறுத்து ஓரிரவு சிறையிற் கழித்தவர், அதே கோடையின் முடிவில் கட்டாடின் மலையை நோக்கிப் புறப்பட்டார். வழிகாட்ட ஒப்புக்கொண்ட பெனோப்ஸ்கொட் இனத்தவர் இருவர் உரிய நேரத்தில் வரவில்லை. குடியினால் அவர்கள் காலந்தாழ்த்தியதைப் பின்னர் அறிந்த தோரோ, பெருநகரங்களின் கடைநிலை மக்களுக்கு அவர்களை ஒப்பிட்டு எழுதினார். ஒப்பீடு பொருத்தமானதே. ஆனால் இருசாராரையும் அந்நிலைக்குத் தள்ளியது யாது என அவர் அவ்விடத்தே வினவவில்லை. அரசின் அநீதியைக் கண்ட கண், நிலம் பறிகொடுத்த மக்களிடம் இழிவை மாத்திரமே கண்டது.

1853ஆம் ஆண்டுப் பயணத்தில் ஜோ அயிற்றியன் என்னும் பெனோப்ஸ்கொட் இளைஞர் துணை வந்தார். மரந்தறிக்கும் தொழிலிற் பழகிய அவர், நகரத்து மக்களிடையே வழங்கிய பாட்டைச் சீழ்க்கையடித்துக்கொண்டே துடுப்பு வலித்தார். தோரோவுக்கு இதில் ஏமாற்றம். ஆதிமனிதனைத் தேடி வந்தவருக்குக் கூலித்தொழிலாளி ஒருவர் கிடைத்தார் என்பதே அவ்வேமாற்றத்தின் உட்பொருள். அயிற்றியன் 1870 ஜூலை 4ஆம் திகதி, வெட்டிய மரங்களை ஆற்றுவழியே செலுத்தும் வேலையில் ஈடுபட்டிருந்தபோது நீரில் மூழ்கி இறந்தார். பயணிகளுக்குக் களிப்பிடமாயிருந்த அதே ஆறு அவருக்கு வேலைத்தலமாயும் மரணக்களமாயும் இருந்தது.

மூன்றாம் பயணமே நூலின் உயிர்நாடி. 1857ஆம் ஆண்டு ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில், நண்பர் எட்வேட் ஹோருடன் தோரோ மூஸ்ஹெட் ஏரியிற் புறப்பட்டு, செசன்குக், சேம்பர்லின் முதலிய ஏரிகளைக் கடந்து, பெனோப்ஸ்கொட் ஆற்றின் கிழக்குக் கிளைவழியே திரும்பினார். பேர்ச் மரப்பட்டையாலான, ஏறத்தாழப் பதினெட்டடி நீளமுள்ள தோணி. அதற்கு உரியவர் ஜோ போலிஸ் என்னும் பெனோப்ஸ்கொட் இனத்தவர். நாளொன்றுக்கு இரண்டு டொலர் கேட்ட அவர் ஒன்றரை டொலருக்கு இசைந்தார். தோணிக்கு வாரம் ஐம்பது சதம். தாம் அறிந்ததெல்லாம் அவருக்குச் சொல்வதாகவும், அவர் அறிந்ததெல்லாம் தமக்குச் சொல்லவேண்டுமென்றும் தோரோ அவருடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டார். கூலியும் அறிவுப் பரிமாற்றமும் ஒரே தோணியில் ஏறிய விந்தை இது. சமத்துவத்தை நாடும் உறவும் முதலாளி–தொழிலாளி உறவும் இந்நூல் முழுவதும் அடுத்தடுத்து அமர்ந்து பயணஞ் செய்கின்றன.

இவ்வுறவிலே தோரோ வளர்கிறார் என்பதை மறுத்தற்கில்லை. ஏரிக்கரைக் கூடாரத்தில் ஓரிரவு விழித்தெழுந்தவர், விறகுக்கட்டை ஒன்றிலே வெண்ணிற ஒளிவளையத்தைக் காண்கிறார். உளுத்த மரத்தின் அவ்வொளிக்குத் தம் மொழியிலே பெயர் உண்டெனப் போலிஸ் மறுநாள் கூறுகிறார். புத்தகக் கல்வி காணாத ஒன்றுக்குக் காட்டுமக்களின் மொழி என்றோ பெயரிட்டிருந்தது! சேம்பர்லின் ஏரிக்குச் செல்லும் காட்டுவழியில், ஹார்வர்டிற் கற்ற இருவரும் பாதை தவறிச் சதுப்பிலே புதைந்து அலைய, போலிஸ் தேடிக்கொண்டு திரும்பி வருகிறார். மற்றோரிடத்தில், தோணியைத் தலைமேற் சுமந்தபடி தோரோவை ஓட்டப்பந்தயத்துக்கு அழைக்கிறார். துப்பாக்கி, கோடரி, கெண்டி, சட்டி என்பவற்றோடு தோரோ ஓட, பாத்திரங்கள் வழியெல்லாம் சிதறுகின்றன. தமக்கும் சிலவேளை விளையாடப் பிடிக்கும் என்கிறார் போலிஸ். கதைகளில் வரும் மௌனமான 'காட்டுமனித'ரின் உருவம் இவ்விடத்தே நொறுங்கிப்போகிறது.

போலிஸ் வீடும் நிலமும் உடையவர். தம் மக்களின் பிரதிநிதியாக மாநிலத் தலைநகருக்கும் வாஷிங்டனுக்கும் சென்றவர். பொஸ்ரனில் டானியல் வெப்ஸ்டரைக் காணச் சென்று மரியாதையின்றி நடத்தப்பட்டவர். இவற்றையெல்லாம் தோரோவே எழுதி வைத்துள்ளார். காட்டிலே மூலதனம் செய்த வேலையையும் அவர் காணத் தவறவில்லை. மர வியாபாரிகள் அணை கட்டி ஏரிகளின் மட்டத்தை உயர்த்தினர். வடக்கு நோக்கிச் சென்ற நீரை வாய்க்கால் வெட்டித் தெற்கே திருப்பினர். தங்கள் மரங்கள் பெனோப்ஸ்கொட் ஆற்றில் மிதந்து ஆலைகளைச் சேரவேண்டும் என்பதே நோக்கம். ஏரிக்கரையெங்கும் நீரில் நின்று பட்டுப்போன மரங்களைத் தோரோ வேதனையோடு வருணிக்கிறார். இயற்கை வருணனை என்ற அளவில் நின்றுவிடாமல், இலாபத்தின் தடத்தை ஆற்றின் திசையிலேயே கண்டு காட்டியமை இந்நூலின் தனிச்சிறப்பு.

எனினும் நூலின் நடையை உற்றுநோக்குவோருக்கு ஓர் உண்மை புலப்படும். பல பக்கங்களிலும் போலிஸ் பெயரால் அழைக்கப்படவில்லை. 'இந்தியன்' என்றே குறிக்கப்படுகிறார். ஏறத்தாழப் பன்னிரண்டு நாள் கூடவே பயணஞ் செய்தவருக்கு இனப்பெயரே பெயராகிறது. அவருடைய ஆங்கிலப் பேச்சு அதன் பிழைகளோடு பதிவாகிறது. தோரோ அவருடைய மொழியைப் பேச முயன்றிருப்பின் எத்துணைப் பிழை நேர்ந்திருக்கும் என்பதை அறிய வாசகருக்கு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வை விரும்பிய போலிஸ், கணக்கு முடிக்கும்போது அந்நாட்களையும் சேர்த்தே கூலி கேட்டார் என்று மெல்லிய நகையுடன் குறிக்கப்படுகிறது. ஞாயிறும் துடுப்பு வலித்தவர் ஞாயிற்றுக்கும் கூலி கேட்பதில் நகைப்பதற்கு என்ன இருக்கிறது?

இனி, நூல் தாமதித்த காரணத்துக்கு வருவோம். 1858 ஜனவரியில், 'அட்லாண்டிக்' சஞ்சிகையின் ஆசிரியரான ஜேம்ஸ் றஸல் லோவலுக்குத் தோரோ ஒரு கடிதம் எழுதினார். மூன்றாம் பயணத்தின் வரலாற்றைத் தம்மால் வெளியிட இயலாது. அதன் சுவையான பகுதி வழிகாட்டியின் சொல்லும் செயலுமே. அவரோ எழுத்தறிந்தவர், பத்திரிகை வாங்குபவர். வெளியிட்டால் அவர் முகத்தில் மீண்டும் விழிக்க முடியாது என்பது அக்கடிதத்தின் சாரம். ஆகவே இரண்டாம் பயணக் கட்டுரையை அனுப்பினார். அதில் ஊசியிலை மரத்தின் அழியாமை பற்றிய ஒரு வாக்கியத்தை ஆசிரியர் கேளாமல் நீக்கிவிட்டபோது தோரோ கடுஞ்சினங்கொண்டார். தம் வாக்கியத்தின் மீது தமக்குள்ள உரிமையை அவ்வளவு உறுதியாக உணர்ந்தவர், போலிஸின் வாக்கியங்கள் போலிஸுக்கு உரியவை என்பதையும் உள்ளூர உணர்ந்திருந்தார் என்பதற்கு ஜனவரிக் கடிதமே சான்று.

அக்கடிதத்திலே தோரோவின் நேர்மையும் எல்லையும் ஒருங்கே தெரிகின்றன. தாம் எழுதியது எழுதப்பட்டவரைப் புண்படுத்தலாம் என்று அறிந்தார், அச்சிடாது நிறுத்தினார். இது நேர்மை. எழுதியதை அவர்முன் வாசித்துக் காட்டித் திருத்தும் வழி ஒன்று இருந்தது. அதனை அவர் நாடவில்லை. இது எல்லை. தோணியிலே செய்துகொண்ட உடன்பாடு மேசையிலே தொடரவில்லை. அறிந்ததைப் பரிமாறியோர் எழுதியதைப் பரிமாறவில்லை.

இது பழங்கதை என்று எண்ணுவோர் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். பெனோப்ஸ்கொட் மக்களுக்கு உரிய ஒதுக்குநிலம் ஆற்றிலுள்ள தீவுகள் மட்டுமே, ஆறு அதில் அடங்காது என 2021இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. 2022இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை ஏற்க மறுத்தது. யாருடைய பெயரை அவ்வாறு தாங்கி நிற்கிறதோ அவர்களுக்கு ஆறு இல்லை! நீரோடு கலந்த ஒரு வாழ்வை இயற்கைக் காட்சியாக மட்டும் வருணித்துப் பழகிய இலக்கியத்துக்கும் இத்தகைய மனோபாவத்துக்கும் தொடர்பே இல்லை என்று நாம் துணிந்து கூறமுடியுமா?

உழைக்கும் மக்களைப் பற்றி எழுதுவதே முற்போக்கு என்று கொள்வோர் நம்மிடையேயும் உளர். அம்மக்களை எழுத்துக்குப் பொருளாகக் கொள்வது எளிது; வாசகராகக் கொள்வது அரிது. அவர் வாசிப்பார் என்ற எண்ணம் எழுதும் கையைத் தயங்கச் செய்யுமாயின், அத்தயக்கத்தின் காரணத்தை நாம் ஆராய்தல் வேண்டும். ஆராய்ந்தபின் கையெழுத்துப் பிரதியைப் பெட்டியிற் பூட்டுவதா, அவரிடமே கொண்டுசெல்வதா என்பது ஒவ்வோர் எழுத்தாளனும் விடைகூற வேண்டிய வினா. தோரோ முதலாவதைச் செய்தார். நாம் இரண்டாவதைச் செய்வோமாக.