எதிரொலியில் தெரியும் கட்டி

தைராய்டுக் கட்டிகளுள் பெரும்பாலானவை தீங்கற்றவை என்பதால், ஊசியால் திசு எடுத்துப் பார்க்கவேண்டிய சிலவற்றைத் தோலைக் கீறாமலே பிரித்தறிவதில்தான், செவிக்கெட்டாத ஒலியின் எதிரொலியைப் படமாக்கும் அல்ட்ராசவுண்டின் அழகு இருக்கிறது. அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2017-இல் வெளியிட்ட டைராட்ஸ் முறை, படத்தில் தெரியும் குறிகளுக்கு மதிப்பெண் இட்டு, மிகுந்த ஐயத்திற்குரிய கட்டி 1 செ.மீ. அளவை எட்டினாலும், சிறிதளவே ஐயமுடையது 2.5 செ.மீ.யை எட்டினாலும் ஊசிப் பரிசோதனையைப் பரிந்துரைக்கிறது. உத்திரமேரூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டை அரசுப் புற்றுநோய் மருத்துவமனைக்குச் சென்றுவர ஒரு நாள் கூலியை இழக்க நேர்பவர்க்கு, ஊசி தேவையில்லை என்று துணிந்து சொல்லும் படம் (படம் என்பதைவிட, அதைப் படிக்கும் கண்) பெரும் உதவியாகும். சுற்றுத்திசுவை விஞ்சிய கருமை, ஒழுங்கற்ற விளிம்பு, உப்புத் தூவியதுபோன்ற நுண்சுண்ணப் புள்ளிகள் முதலிய குறிகளுள் மிக நுட்பமானது, குறுக்குவெட்டில் அகலத்தை மிஞ்சிய உயரமே. தீங்கற்ற கட்டி பெரும்பாலும் திசுத்தளத்தின் போக்கிலேயே கிடையாக வளர, புற்றோ அத்தளங்களை ஊடுருவி நிமிரக்கூடும்.