காளானும் வருணனையும்

ஒரு பொருளை உள்ளவாறு உரைப்பது எளிது. அதனை அழகுற உரைப்பதே அரிது என்று எண்ணுவார் பலர். முப்பது ஆண்டுகளாகத் தோட்டப் பள்ளியில் கட்டுரைப் பாடம் நடத்திவரும் நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழை என்பதை எனக்குத் தெளிவுபடுத்தியது பெரும்புலவர் ஒருவரின் நூலன்று. மூங்கிற் காட்டில் முளைத்துச் சில நாளில் அழுகிப்போகும் ஒரு சிறு காளானைப் பற்றி விஞ்ஞானிகள் எழுதிய வருணனையே ஆகும்.

பள்ளி விடுமுறையில் ஜாலான் புசாரிலுள்ள என் தங்கை வீட்டிற்கு வந்திருந்தேன். அங்கிருந்து விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள தேசிய நூலகம் நடக்கும் தொலைவே. காலைதோறும் அங்குச் சென்று காளான்களைப் பற்றிப் படித்தேன். தமிழாசிரியனுக்குக் காளான் எதற்கு என்று தங்கை நகைத்தாள். அதற்கு விடையே இக்கட்டுரை.

2020-ஆம் ஆண்டில் 'பைட்டோடாக்சா' என்னும் தாவரவியல் இதழில், இந்தியாவின் வடகிழக்கிலுள்ள மேகாலயாவில் கண்ட புதிய காளான் ஒன்று விவரிக்கப்பட்டது. ரோரிடோமைசிஸ் பில்லோஸ்டாக்கிடிஸ் என்று அதற்குப் பெயரிட்டனர். பெயரின் முற்பகுதி பனி கசிவது போன்ற ஈரத்தைக் குறிப்பது; இவ்வினத்தின் காம்பு வழுவழுப்பானது. பிற்பகுதி அது முளைக்கும் மூங்கிலின் பெயர். இருளில் அது ஒளி விடுகிறது. அதுவும் காம்பு மட்டுமே ஒளிர்கிறது. மேலுள்ள குடை ஒளிர்வதில்லை. அவ்வூர் மக்கள் இதனை முன்பே அறிந்தவர்கள். ஒளிரும் மூங்கிற் கழிகளைக் கையிற்பிடித்து இரவில் காட்டுவழி நடப்பது அவர்கள் வழக்கம். உலகிற்குப் புதிதாயினும் ஊருக்குப் பழையது என்க.

இனி, இத்தகைய வருணனை எவ்வாறு எழுதப்படுகிறது என்பதை நோக்குவோம். காளான் பறித்த சில மணி நேரத்தில் நிறம் மாறும், உலர்த்தினால் சுருங்கும், மணமும் போய்விடும். ஆதலின் அது புதிதாக இருக்கும்போதே நிறம், மணம், ஈரம் ஆகியவற்றைக் குறித்துவிட வேண்டும். குடையின் அகலமும் காம்பின் நீளமும் மில்லிமீட்டரில் அளக்கப்படும். ஸ்போர் எனப்படும் நுண்துகளின் வடிவும் அளவும் நுண்ணோக்கியில் காணப்படும். எந்த நாளில், எந்த இடத்தில், எதன்மேல் முளைத்திருந்தது என்பது எழுதப்படும். அதனையொத்த பிற இனங்களினின்று அது எவ்வாறு வேறுபடுகிறது என்பது காட்டப்படும். ஈற்றில், மூலச்சான்றாக ஒரு காளான் உலர்த்தப்பெற்று, ஐயுறுவோர் எடுத்துப் பார்க்குமாறு காப்பகத்தில் வைக்கப்படும். எழுதியவன் சொல்லை நம்ப வேண்டியதில்லை; பொருளே சாட்சி.

சிங்கப்பூருக்கும் இக்கலையில் பங்குண்டு. 1929 முதல் 1945 வரை இங்குள்ள தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய கார்னர் என்னும் ஆங்கிலேயர், மலாயாக் காட்டின் காளான்களை வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தவர். 1950-இல் அவர் ஒளிரும் வெப்பமண்டலக் காளான்கள் இரண்டினை விவரித்து எழுதினார். 1972-இல் வெளிவந்த அவருடைய நூல், இந்நிலத்தில் குடையின் அடியில் துளைகளையுடைய காளான்களுக்கே உரியது. நம் கால்களின் கீழ் முளைப்பவற்றை இத்துணைப் பொறுமையுடன் நோக்கியவர் ஒருவர் இவ்வூரில் இருந்தார் என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும்.

இவ்வகை எழுத்தில் குறையே இல்லையா எனின், உண்டு. வறண்ட நடை ஒன்று. பிறமொழியார்க்கு அடைத்த கதவு மற்றொன்று. 1935 முதல் புதிய தாவரத்திற்கும் காளானுக்கும் இலத்தீன் மொழியில் குறிப்பு எழுதினாலன்றிப் பெயர் செல்லாது என்று விதி இருந்தது. 2012 முதல் ஆங்கிலமும் ஏற்கப்படுகிறது. தமிழுக்கு அங்கு இடமில்லை. அதனால் என்ன? பெயரை நிலைநாட்டும் குறிப்பு வேறு மொழியில் இருக்கட்டும்; பொருளை நம் மக்களுக்கு விளக்கும் குறிப்பு தமிழில் இருக்கத் தடையேதும் இல்லையே.

ஆனால் அதற்குச் சொற்றெரிவு வேண்டும். இக்காளானை 'மின்னும் காளான்' என்று எழுதிவிடுதல் எளிது. மின்னுதல் தோன்றி மறைவது, மேகத்தில் காண்பது. இதுவோ நின்று ஒளிர்வது. 'ஒளிரும்' என்பதே பொருந்தும். குடையின் அடியிலுள்ள மெல்லிய தகடுகளைச் 'செவுள்' என்று பாடநூல்கள் எழுதுகின்றன. செவுள் மீனுக்கு மூச்சுவிடும் உறுப்பு. காளானுக்கு அஃது இல்லை. ஆங்கிலச் சொல்லை அவ்வாறே பெயர்த்ததால் வந்த வினை இது. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் அதனை 'மடிப்பு' என்பார்கள். கண்டு சொன்ன சொல் அது. பங்கசு என்று இலங்கையிலும் பூஞ்சை என்று தமிழகத்திலும் வழங்கும் சொற்களுள் எதனைக் கொள்வது என்று வழக்காடும் நாம், பிள்ளைகளின் சொல்லையும் செவிமடுப்பது நன்று.

நம் முன்னோர் இவ்வாறு கண்டு சொல்லியவர்களே. புறத்தே வைரம் உடையதைப் புல் என்றும், அகத்தே வைரம் உடையதை மரம் என்றும் தொல்காப்பியர் மரபியலில் பிரித்தார். அவ்விலக்கணப்படி மூங்கில் புல்லாகும். இன்றைய தாவர நூலும் அதனைப் புற்குடும்பத்திலேயே வைக்கிறது. புறநானூற்றில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தம் வறுமையைக் கூறும்போது, சமைத்தலை மறந்த அடுப்பில் ஆம்பி பூத்ததைச் சொல்கிறார். ஆம்பி என்பது காளான். சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் இன்னும் நுணுகிச் செல்கிறார். பாழ்பட்ட அட்டிலின் பழஞ்சுவரைக் கறையான் அரித்த புழுதியில் அது பூத்தது என்றும், அஃது உட்டுளை உடையது என்றும் கூறுகிறார். எங்கே முளைத்தது, எதன்மேல் முளைத்தது, உள்ளே எவ்வாறிருந்தது ஆகிய மூன்றும் அங்குள்ளன. வறுமையைப் பாட வந்த புலவர் காளானைப் பொய்யாகப் பாடவில்லை. உண்மையாகப் பாடியதனாலேயே அவ்வறுமை நம்மைச் சுடுகிறது. வருணனையின் அழகு மெய்யினின்று பிறப்பது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இங்கு என் பிழையொன்றைக் கூறியாக வேண்டும். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகட்கு முன், 'மழைக்குப் பின் எங்கள் தோட்டம்' என்று ஐந்தாம் வகுப்பில் கட்டுரை எழுதப் பணித்தேன். ஒரு சிறுமி, திடலில் முளைத்த காளானைப் பற்றி, 'மேலே வெள்ளையாக இருந்தது. அடியில் மடிப்பெல்லாம் பச்சையாக இருந்தது' என்று எழுதியிருந்தாள். காளானாவது, பச்சையாவது என்று சிவப்பு மையால் அதனை அடித்துவிட்டு, 'வெண்கொற்றக் குடை விரித்தாற்போல்' என்று மேலே எழுதிக் கொடுத்தேன். அவளும் அழகாகப் படியெடுத்து எழுதினாள்.

அடுத்த மழைக்கு, எங்கள் தோட்டத்துக் குடும்பம் ஒன்று அதே திடலில் காளான் பறித்துச் சமைத்து உண்டது. இரண்டொரு மணி நேரத்தில் மூவர்க்கும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. மருத்துவமனையில் மூன்று நாள் கிடந்து பிழைத்தார்கள். காளான் எப்படி இருந்தது என்று மருத்துவர் கேட்டார். 'வெள்ளையாக இருந்தது, ஐயா' என்பதற்குமேல் எவராலும் ஒன்றும் சொல்ல இயலவில்லை.

குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ் என்னும் நச்சுக் காளான் வெப்பநாடுகளின் புல்வெளிகளில் மழைக்குப்பின் முளைப்பது. மேலே வெண்மை, முதிர முதிர அடிமடிப்புப் பச்சை பாயும். அதன் ஸ்போரும் பசுமை கலந்தது. இதனை நான் அறிந்தது பின்னாளில்தான். அச்சிறுமி கண்ணால் கண்டு எழுதியதை, கண்டறியாத நான் அடித்திருந்தேன். அவள் எழுதியது அவ்வாறே சுவரொட்டிப் பலகையில் தொங்கியிருந்தால், ஒருவேளை அம்மூவரில் ஒருவராவது அதனைப் படித்திருப்பார். உறுதியாகச் சொல்ல இயலாது. ஆயினும் அந்தச் சிவப்புக்கோடு இன்னும் என் கண்முன் நிற்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒன்று கூற விழைகிறேன். உவமையை விலக்குக என்பதன்று என் கருத்து. உவமை, கண்ட பொருளை மேலும் விளக்க வேண்டும். காணாததை மறைக்க வரலாகாது. கட்டுரை வகுப்பில் ஒருநாள், கடையில் வாங்கிய காளான் ஒன்றை மேசைமேல் வையுங்கள். மேலும் கீழும் பார்த்து, அளந்து, முகர்ந்து, பத்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். 'போல்' என்னும் சொல் முதல் ஐந்து வாக்கியங்களில் வரவேண்டாம். பின் அதன் குடையை வெள்ளைத்தாளிலும் கறுப்புத்தாளிலும் பாதிப் பாதியாகப் படுமாறு கவிழ்த்து, மேலே ஒரு கண்ணாடிக் குவளையை மூடி, ஓரிரவு வையுங்கள். குடை நன்கு விரிந்ததாயின், மறுநாள் துகள் உதிர்ந்து மடிப்பின் வடிவம் தாளில் பதிந்திருக்கும். அதன் நிறத்தையும் எழுதச் செய்யுங்கள். காட்டிலும் திடலிலும் முளைத்ததைக் கண்ணால் மட்டும் கண்டு வருக, நிறத்தை மட்டும் நம்பி எதனையும் உண்ணற்க என்பதையும் சேர்த்தே கற்பியுங்கள்.

மேகாலயக் காட்டில் காம்புதான் ஒளிர்கிறது, குடை ஒளிரவில்லை என்று வேறுபடுத்தி எழுதிய அந்த ஒரு வாக்கியம் எனக்கு நல்ல ஆசான். பாதி ஒளிர்வதை முழுதும் ஒளிர்வதாக எழுதியிருந்தால் அழகு கூடியிருக்கும், மெய் குன்றியிருக்கும். அடுத்த தவணை தொடங்கும்போது என் மேசையில் சிவப்புப் பேனா இருக்கும். அதனை எடுக்குமுன், பிள்ளை எதைக் கண்டு எழுதியது என்று கேட்டுவிட்டே எடுப்பேன்.