ரயில், கால்வாய், நெல் மூட்டை: செஞ்சித் தொகுதி வாக்குறுதிகள்

2008 மறுவரையறையில் மேல்மலையனூர் தொகுதி மறைந்தபின் அவலூர்பேட்டைக்காரர்கள் செஞ்சித் தொகுதியில் வாக்களித்து வருகிறோம். 2011-இல் பா.ம.க.வின் கணேஷ்குமார் வென்றார். 2016-இலும் 2021-இலும் தி.மு.க.வின் மஸ்தான். கட்சி மாறியது, மேடைத் தலைப்புகள் அநேகமாக மாறவில்லை. ஆகவே ஆளை விட்டுவிட்டு நிலைப்பாட்டை எடைபோடுவதே நேர்மை. ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அதிகார எல்லைக்குள் அது நிற்கிறதா? செலவையும், இழப்பு யாருக்கு என்பதையும் மறைக்காமல் சொல்கிறதா? இந்த இரண்டும் போதும்.

திண்டிவனம்–செஞ்சி–திருவண்ணாமலை ரயில் பாதைக்கு 2006-07 ரயில்வே நிதிநிலை அறிக்கையில் ஒப்புதல் கிடைத்தது. பா.ம.க.வின் ஆர். வேலு அப்போது ரயில்வே இணையமைச்சர். தேவை உண்மையானது, கோரிக்கையைச் சாகவிடாமல் வைத்திருப்பதும் ஒரு பணிதான். ஆனால் ரயில்வே ஒன்றியப் பட்டியலில் உள்ளது. மாநில அரசின் கையில் இருப்பது பெரும்பாலும் நிலமெடுப்பு. எந்தக் கிராமத்தில் எடுப்பு நிற்கிறது, நிலம் கொடுப்பவருக்கு என்ன இழப்பீடு என்று சொல்லாமல் "ரயிலைக் கொண்டுவருவேன்" என்பவர், தாம் கேட்கும் பதவியின் வேலையையே பேசவில்லை.

நந்தன் கால்வாய் அப்படியல்ல. துரிஞ்சலாற்றின் கீரனூர் அணைக்கட்டிலிருந்து பனமலை ஏரி வரை செல்லும் இந்தக் கால்வாய் மாநிலத்தின் பொறுப்பு. வேட்பாளர் வாக்குக் கொடுக்கத் தகுதியான பொருள். தென்பெண்ணையின் உபரி நீரை இதற்குத் திருப்ப வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. குறை, கணக்கில் இருக்கிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது தென்பெண்ணையின் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. உபரி என்பது இப்படி ஓரிரு நாளில் வந்து போவது. அதைப் பிடிக்கக் கால்வாய்க்கு எவ்வளவு கொள்ளளவு வேண்டும், ஏரிகளைத் தூர் வாருவது யார், சாத்தனூர்ப் பாசன விவசாயிகளின் பங்குக்கு என்ன உத்தரவாதம் என்ற கேள்விகளுக்கு விடை இருந்தால்தான் அது கொள்கை.

நெல் விலையில்தான் ஏமாற்றம் அதிகம். ஆதரவு விலையை ஒன்றிய அரசு அறிவிக்கிறது. மாநிலம் ஊக்கத்தொகை சேர்க்கலாம். "நல்ல விலை வாங்கித் தருவேன்" என்பது இந்த இரண்டிலும் சேராத பேச்சு. அறுவடைக் காலத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போய்ப் பாருங்கள். இரவோடு இரவாக டிராக்டரில் வந்த மூட்டைகள் அடுக்கியிருக்கும். வியாபாரி ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் தேய்த்து ஊதிப் பார்த்துவிட்டுச் சீட்டில் விலை எழுதிப் போடுவார். மறைமுக ஏலம் இது. விலை கட்டுபடியாகாவிட்டால் மறுக்கும் உரிமை விவசாயிக்கு உண்டு. விதி அப்படித்தான் சொல்கிறது. மேலே மேகம் திரண்டு, கூரைக்கடியில் இடமில்லாமல், திரும்பிப் போக வண்டி வாடகையும் இல்லாதவருக்கு அந்த உரிமையால் என்ன பயன்? மூட்டையைக் கிடங்கில் வைத்து அதன்பேரில் பொருளீட்டுக் கடன் வாங்க முடிந்தால்தான் அவரால் மறுக்க முடியும். மல்லாட்டைக்கும் (நிலக்கடலை) இதே நிலைதான். உலர்களம், கூரை, கிடங்கு, எடை போட ஆள்: எல்லாமே மாநில அரசின் வேளாண் விற்பனைத் துறைக்குள் அடங்குபவை, ஒரு சட்டமன்ற உறுப்பினர் விடாமல் துரத்திச் சாதிக்கக்கூடியவை. மேடையில் மிகக் குறைவாகக் கேட்பதும் இவைதான். இதை நான் சிறு குறையாக எண்ணவில்லை.

செஞ்சிக் கோட்டையைப் பற்றிச் சுருக்கமாக. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலக்காட்சிகளில் ஒன்றாக அது யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது; தமிழ்நாட்டிலிருந்து அத்தொகுப்பில் இருப்பது இது ஒன்றே. இனி சுற்றுலா வாக்குறுதி பெருகும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானத் தடை, அதற்கப்பால் மேலும் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. அந்த வட்டத்துக்குள் வீடு வைத்திருப்பவரின் சிக்கலைத் தொடாத சுற்றுலாப் பேச்சு பாதிப் பேச்சு.

தீர்ப்புக்கு வருகிறேன். கருத்தின் தகுதியில் கால்வாய் முதலிடம், கணக்கு முழுமையடையும்வரை நிபந்தனையோடு. உணர்ச்சியில் முந்தும் ரயில், முறைமையில் கடைசி. விற்பனைக்கூடத்தைக் கையிலெடுத்து எண்ணோடும் கெடுவோடும் பேசும் வேட்பாளர் எந்தக் கட்சியாக இருந்தாலும் மற்றவரைவிட மேலான மதிப்பெண் பெறுவார். 2022-இல் முதலமைச்சர் ஸ்டாலின் எல்லா உறுப்பினர்களிடமும் தொகுதிக்கு 10 முக்கியக் கோரிக்கைகளை வரிசைப்படுத்திக் கேட்டார். அதே பட்டியலை, அதே வரிசைக் கட்டாயத்தோடு, வாக்குப்பதிவுக்கு முன்பே ஒவ்வொரு வேட்பாளரும் அச்சிட்டுத் தர வேண்டும். பத்தில் உலர்களம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று நாம் பார்த்துக்கொள்கிறோம்.