குழந்தை வளர்ச்சிக் கோட்பாடுகளும் தமிழ்க் கலைச்சொற்களும்: ஆசிரியர் கல்வி நோக்கில் ஒரு திறனாய்வு

1. முன்னுரை

கல்வி உரிமைச் சட்டம் (2009) நடைமுறைக்கு வந்தபின் ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயமாயிற்று. தமிழ்நாட்டில் முதல் தேர்வு 2012 சூலையில் நடைபெற்றது. 150 மதிப்பெண்களுள் 30 மதிப்பெண்கள் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தல் முறையும் என்னும் பகுதிக்கு உரியவை. இதன் விளைவாகப் பியாஜே, வைகாட்ஸ்கி, புரூனர் ஆகியோரின் கருத்துகள் தமிழ்வழி ஆசிரியர் பலரைச் சென்றடைந்துள்ளன. ஆயின், சென்றடைந்தவை கருத்துகளா, அன்றி அவற்றின் பெயர்கள் மட்டுமா என்பது ஆராயத்தக்கது. கலைச்சொல் பிழைபடின் கோட்பாடு பிழைபடும்; கோட்பாடு பிழைபடின் வகுப்பறையில் குழந்தையைப் பற்றிய தீர்ப்பும் பிழைபடும். இக்கட்டுரை மூன்று கலைச்சொற்களையும் ஒரு சோதனை வினாவையும் இந்நோக்கில் ஆராய்கிறது.

2. ‘செயலுக்கு முற்பட்ட நிலை’

பியாஜே 2 முதல் 7 வயது வரையிலான பருவத்திற்குத் தந்த பெயர் தமிழில் ‘செயலுக்கு முற்பட்ட நிலை’ என வழங்குகிறது. ‘செயல்’ என்பது தமிழில் உடலால் செய்வதையே முதன்மையாகக் குறிக்கும். பியாஜே கருதியதோ அகத்தே நிகழ்வதும், தலைகீழாகத் திருப்பிச் செய்யத்தக்கதுமான மனச்செயலாகும். கூட்டியதைக் கழித்து மீட்பதும், ஊற்றிய நீரை மனத்தளவில் பழைய குவளைக்கே திருப்புவதும் இதன்பாற்படும். ஓடியாடும் மூன்று வயதுக் குழந்தை ‘செயலுக்கு முற்பட்ட’ நிலையில் உள்ளது என்று படிக்கும் ஆசிரியர் மாணவி குழம்புவதில் வியப்பில்லை. ‘மனச்செயலுக்கு முந்தைய நிலை’ என்னும் வழக்கு இதனினும் தெளிவானது.

வயதெல்லைகளும் இங்குக் கருதத்தக்கவை. நிலைகளின் வரிசை மாறாது என்பதே பியாஜேயின் கோட்பாடு. வயது சூழலுக்கேற்ப மாறக்கூடும் என்பதை அவரே ஏற்றுள்ளார். ஒற்றை விடை கோரும் வினாக்களில் வரிசை மறைந்து வயதே கோட்பாடாக நின்றுவிடுகிறது.

3. ‘தன்முனைப்பு’

குழந்தை பிறர்க்கன்றித் தனக்கே பேசிக்கொள்ளும் பேச்சைப் பியாஜே தம் 1923ஆம் ஆண்டு நூலில் விளக்கினார். அவர் சுட்டிய பண்பைத் ‘தன்முனைப்பு’ என மொழிபெயர்த்தால், அச்சொல்லோடு செருக்கு என்னும் பொருள் ஒட்டிக்கொள்கிறது. அறிவு வளர்ச்சி சார்ந்த ஓர் இயல்பு ஒழுக்கக் குறையாகத் தோற்றமளிக்கிறது. ‘தன்மையப் பார்வை’ என்பது இத்தீங்கு அற்றது. 1934இல் வெளிவந்த வைகாட்ஸ்கியின் நூல் இப்பேச்சு மறைந்தொழிவதில்லை, உள்ளே சென்று அகப்பேச்சாகிறது என வாதிட்டது. கணக்கிடும்போது முணுமுணுக்கும் குழந்தையை ‘வாயை மூடு’ என அடக்கும் ஆசிரியர், இக்கருத்தின்படி, அதன் சிந்தனைக் கருவியையே பறிக்கிறார்.

4. ‘அண்மை வளர்ச்சி மண்டலம்’

மூன்றினும் பெரிதும் கவலைக்குரியது இதுவே. குழந்தை தானே செய்ய இயல்வதற்கும், பெரியவரோ தேர்ந்த தோழரோ துணைநிற்கச் செய்ய இயல்வதற்கும் இடையிலுள்ள தொலைவையே வைகாட்ஸ்கி இவ்வாறு குறித்தார். உருசிய மூலத்திலுள்ள சொல் ‘மிக அருகில், அடுத்து வரவிருக்கும்’ எனப் பொருள்படும். தமிழில் ‘அண்மை’ இடத்தை மட்டுமன்றிக் காலத்தையும் குறிக்கும். ‘அண்மைக் காலம்’ என்பது கடந்த காலமே. எனவே ‘அண்மை வளர்ச்சி’ என்பதைச் சற்று முன்னர் நிகழ்ந்துவிட்ட வளர்ச்சி எனப் படிக்க இடமுண்டு. வரவிருப்பதைச் சுட்டவேண்டிய சொல் வந்து முடிந்ததைச் சுட்டுகிறது. ‘அடுத்துவரும் வளர்ச்சிக் களம்’ என்பது நீளமாயினும் திசை தவறாதது.

இக்கோளாறு தமிழுக்கு மட்டும் உரியதன்று. கற்றல், கற்பித்தல் இரண்டையும் ஒருங்கே குறிக்கும் உருசியச் சொல்லை ஆங்கிலப் பெயர்ப்புகள் ‘கற்றல்’ என்று மட்டும் தந்தபோது ஆசிரியரின் பங்கு பின்தள்ளப்பட்டது. ஆங்கிலம் வழியே தமிழுக்கு வரும் பெயர்ப்பு இவ்விழப்பையும் சுமந்தே வருகிறது. மேலும், ‘சாரக்கட்டு’ என்னும் உருவகத்தை வைகாட்ஸ்கிக்கு உரியதாகக் கூறுவது வழக்கமாகிவிட்டது. அது உட், புரூனர், ராஸ் ஆகியோர் 1976இல் வழங்கியதாகும்.

5. சோதனை வினாவின் மொழி

இரு வரிசைகளில் சம எண்ணிக்கையில் வில்லைகளை அடுக்கி, ஒன்றைப் பரப்பிவைத்து ‘எதில் அதிகம்?’ எனக் கேட்பது பியாஜேயின் புகழ்பெற்ற சோதனை. மெக்காரிகிளும் டொனால்ட்சனும் 1970களில் இதனை மாற்றினர். பொம்மைக் கரடி ஒன்று தற்செயலாகக் கலைப்பதுபோல் செய்தபோது சரியாக விடையளித்த குழந்தைகள் மிகுந்தனர். பெரியவர் வேண்டுமென்றே மாற்றிவிட்டு மீண்டும் வினவுவதை, விடையையும் மாற்றவேண்டும் என்னும் குறிப்பாகக் குழந்தை கொள்ளக்கூடும் என்பது இதனால் புலனாயிற்று.

பன்மொழிச் சூழலில் இது மேலும் கூர்மையடைகிறது. மைசூரின் ஹெப்பாள் தொழிற்பேட்டையை ஒட்டி, வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமும் கொண்டு வளரும் குழந்தையை எடுத்துக்கொள்ளலாம். ‘ஹெச்சு’ என்னும் கன்னடச் சொல்லால் வினவப்படும் அக்குழந்தை வாளாவிருப்பின், அதற்கு எண்மாறா உணர்வு இல்லை என முடிவுகட்டுவது முறையன்று. இரு மொழிப் பேச்சிலும் வழங்கும் ‘ஜாஸ்தி’ என்னும் சொல்லால் அதே வினாவைக் கேட்டால் நிலை வேறாகலாம். அளக்கப்பட்டது அறிவா, சொல்வளமா என்பதைப் பிரித்தறியாத ஆசிரியர், மொழியறியாமையை வளர்ச்சிக் குறைவாகப் பதிவுசெய்கிறார். அப்பதிவு குழந்தையை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும்.

6. முடிவுரை

தேர்வுகளில் நிலைபெற்றுவிட்ட சொற்களை மாற்றினால் குழப்பமே மிகும் என்பர். இத்தடையில் உண்மையுண்டு. எனவே பழஞ்சொற்களை ஒரேயடியாக விலக்குவதினும், ஒவ்வொன்றோடும் ஒரு வரி விளக்கமும் ஒரு வகுப்பறை எடுத்துக்காட்டும் இணைப்பது உடனடியாக இயல்வது. பாடநூல் திருத்தப்படும்போது சொற்களும் திருத்தப்படலாம். அப்பணியில் மொழிபெயர்ப்பாளர் உளவியலாரோடு மட்டுமன்றித் தொடக்கப்பள்ளி ஆசிரியரோடும் அமர்தல் வேண்டும். கலைச்சொல்லின் தகுதி அகராதியில் அன்று, அதனைப் படித்த ஆசிரியர் மறுநாள் வகுப்பில் குழந்தையிடம் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்பதிலேயே சோதிக்கப்படுகிறது.