மெக்கானிக் வரும் நேரம்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் ஒரு பேட்லாக் (ஃபிளாட்லாக்) தையல் மிஷின் நின்றால், அந்தத் தையல் வரிசையே தேங்கிவிடும். ஓவர்லாக் அடித்த துண்டுகள் ஒரு பக்கம் குவியும். செக்கிங்கிலும் அயர்னிங்கிலும் ஆட்கள் சும்மா நிற்பார்கள். கப்பல் தேதி தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டிவரும், பெரும்பாலும் அந்தச் செலவு ஏற்றுமதியாளர் தலையில் விழும். அதனால் மிஷின் விற்க வரும் கம்பெனியை இந்த ஊர் கடைசியில் ஒரே கேள்வியால்தான் எடைபோடுகிறது: நின்ற மிஷின் எத்தனை மணி நேரத்தில் மறுபடி ஓடும்? வேகமும் தையல் நேர்த்தியும் முதல் மிஷினை விற்கலாம். பத்தாவது மிஷினை விற்றுக்கொடுப்பவர் மெக்கானிக்.

இந்தப் பாடத்தை உலகத்துக்கு முதலில் காட்டியது சிங்கர். 1850களிலேயே தவணை முறையில் தையல் மிஷின் விற்றது. ஊர்தோறும் ஏஜென்ட், ஓட்டக் கற்றுத்தர ஆள், உதிரிபாகம் என எல்லாவற்றையும் மிஷினோடு சேர்த்தே கொடுத்தது. திருப்பூர்ச் சுவர்களில் 'சிங்கர் டெய்லர் தேவை' என்ற நோட்டீசை இன்றும் பார்க்கலாம். ஆனால் அந்த டெய்லர் உட்காரும் மிஷின் ஜூகியாக இருக்கும், அல்லது ஜாக்காக இருக்கும். பெயர் தங்கிவிட்டது, வாடிக்கை போய்விட்டது. 1938-இல் டோக்கியோ வட்டார இயந்திரத் தொழிலதிபர்கள் சுமார் 900 பேர் சேர்ந்து தொடங்கிய ஜூகி, தைவானின் சிருபா, 1995-இல் தொடங்கிய சீனத்து ஜாக் என அடுத்தடுத்து வந்தவர்கள் இடம்பிடித்தார்கள்.

இவர்கள் நிலைத்ததற்கு விளம்பரத்தைவிட ஊருக்குள் பரவிய கைப்பழக்கமே பெரிய காரணம். ஒரு மாடல் நூற்றுக்கணக்கான கம்பெனிகளில் ஓடினால் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார். டெய்லர் வேலை மாறினாலும் புது இடத்தில் அதே மிஷின் இருக்கும். பழசை விற்கப்போனால் நல்ல விலை வரும். உற்பத்தியாளர்களுக்குப் பிடிக்காத டூப்ளிகேட் உதிரிபாகங்கள்கூட இதில் அவர்களுக்கே உதவின என்று நினைக்கிறேன். மலிவான பாகம் போட்டுப் பழைய மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால்தான், பவர்டேபிள் (கூலிக்குத் தைத்துக்கொடுக்கும் சிறு கூடம்) நடத்துபவர் அடுத்த மிஷினையும் அதே கம்பெனியில் வாங்கினார்.

நிட்டிங் பக்கம் இந்தப் பிடிப்பு இன்னும் ஆழமானது. 30 டயா (அங்குல விட்டம்), 24 கேஜ் (அங்குலத்துக்கு 24 ஊசி) சிங்கிள் ஜெர்சி மிஷினில் சுமார் 2,260 ஊசிகள் உண்டு. அவற்றில் ஒன்றின் கொக்கி லேசாக வளைந்தாலும் துணி நெடுகக் கோடு விழும். சாயம் ஏறாத பச்சைத் துணியில் அது கண்ணுக்குத் தப்பலாம். சாயம் ஏறிய பிறகு பளிச்சென்று தெரியும். அதற்குள் நூலும் போய், சாயக்கூலியும் போயிருக்கும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலிக்கு ஓட்டும் நிட்டிங்காரர் பில்லில்தான் அந்த நஷ்டம் கழிக்கப்படும். ஊசியை வாங்கும்போதே சோதித்துப் பார்க்க வழியில்லை. குறை தாமதமாகத் தெரிவதாலும், தெரியும்போது நஷ்டம் பலமடங்காகிவிடுவதாலும், 1852-இல் தொடங்கிய குரோஸ்-பெக்கர்ட் போன்ற கம்பெனியின் ஊசிக்குக் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் தரம் மாறாமல் வந்து சம்பாதித்த நம்பிக்கை இது. தொழில்நுட்பக் கம்பெனி ஒன்று வாடிக்கையாளரைத் தக்கவைக்க இதைவிட நேர்மையான வழியை நான் அறியேன்.

ஆனால் பழைய முறையை அப்படியே புகழ்ந்துவிட முடியாது. மிஷின் கம்பெனி மீதான நம்பிக்கை எந்தத் தோள்களில் நிற்கிறதோ, அந்த மெக்கானிக்கின் அறிவுக்குச் சான்றிதழ் இல்லை, எழுத்தில் பதிவும் இல்லை. அவர் ஓய்ந்தால் அதுவும் போகும். டீலரின் சர்வீஸ் ஆள் முந்நூறு மிஷின் வைத்திருக்கும் ஏற்றுமதி நிறுவனத்துக்கு முதலில் ஓடுவார். எட்டு மிஷின் வைத்திருக்கும் பவர்டேபிள் மறுநாள்வரை காத்திருக்கும். அங்கே பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் டெய்லருக்கு மிஷின் நின்ற பொழுதுக்குக் கூலி கிடையாது. கம்பெனியின் நல்ல பெயர் பெரியவர்களின் அனுபவத்தால் உருவாகிறது. அதை நம்பி வாங்கும் சிறியவருக்கு அதே கவனிப்பு கிடைப்பதில்லை. அரசு மானியம் வேறொரு சாய்வைச் சேர்த்தது. 1999-இல் வந்த 'டஃப்' (தொழில்நுட்ப மேம்பாட்டு நிதி) திட்டம் 2016-இல் திருத்தப்பட்டபோது, ஜவுளி ஆணையரகம் பட்டியலிட்ட உற்பத்தியாளர்களின் மிஷினுக்கே மானியம் என்றானது. தரமற்ற மிஷினைத் தடுக்க அது நியாயம்தான். ஆனால் பட்டியலில் இருப்பவருக்கு வாடிக்கை உழைக்காமலே சேர்ந்தது.

இதைவிட எனக்குக் கவலை தருவது இப்போது நடக்கும் மாற்றம். பழைய கிளட்ச் மோட்டார் தைக்காத நேரத்திலும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் இடத்துக்கு வந்த சர்வோ மோட்டார் பெடலை மிதிக்கும்போது மட்டும் ஓடும். மின்கட்டணத்தில் தெரியும் இந்த மிச்சம் பெரிய வரம். ஆனால் அதோடு கண்ட்ரோல் பாக்ஸும் வந்தது. திரையில் எரர் நம்பர் காட்டி நின்றுவிட்டால் தெரு மெக்கானிக்கின் கை அதற்குமேல் போவதில்லை. போர்டு டீலரிடம் போக வேண்டும். ஒரு கம்பெனியின் பாக்ஸ் இன்னொன்றில் சேராது.

துணி வெட்டுவதற்குப் பேட்டர்ன், மார்க்கர் போடும் மென்பொருளில் பிடி இன்னும் இறுக்கம். ஆண்டுக்கணக்கில் சேர்த்த அளவுகளும் கிரேடிங் விதிகளும் ஒரே மென்பொருளுக்குள் இருக்கின்றன. பேட்டர்னைப் பொதுக் கோப்பாக வெளியே எடுக்கலாம். கூடவே சேர்ந்த எல்லாமும் அப்படியே வந்துவிடாது. ஒன்று சரியில்லை என்றால் மற்றதற்குப் போகலாம் என்ற தெம்பும் குறைந்தது: நெடுங்காலம் எதிரெதிராக நின்ற பிரான்ஸின் லெக்ட்ரா 2021-இல் அமெரிக்காவின் கெர்பரை வாங்கிக்கொண்டது. ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் உரிமத்தின் இடத்தைச் சந்தா பிடித்துவருகிறது. வாடிக்கையாளர் விட்டுப்போகவில்லை என்று கம்பெனி அறிக்கையில் பெருமையாக வரும். போக வழியில்லாமல் இருப்பவரையும் விரும்பி இருப்பவரையும் அந்த எண் பிரித்துக் காட்டுவதில்லை.

சட்டமும் இங்கே கைகொடுப்பதில்லை. 2022 ஜூலையில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக அமைத்த குழு எடுத்துக்கொண்ட துறைகள் நான்கு: விவசாயக் கருவிகள், கைப்பேசி உள்ளிட்ட மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள். ஜவுளி மிஷின் அதில் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிகத்துக்கு வாங்கியவரை விலக்குகிறது. ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் வாங்கியவர் அதன் பாதுகாப்பில் வருவார். பத்துப் பேருக்கு வேலை தரும் பவர்டேபிள்காரர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்.

எனவே கேட்க வேண்டியவர்கள் வாங்குபவர்களே. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சேர்ந்து நடத்தி மீண்ட ஊர் இது. 1990-இலிருந்து இயங்கும் ஏற்றுமதியாளர் சங்கமும் இருக்கிறது. மிஷின் ஆர்டர் படிவத்தில் மூன்று வரிகளைச் சேர்த்தே வாங்குவோம் என்று அது முடிவு செய்யலாம்: குறைந்தது பத்து ஆண்டுக்கு உதிரிபாகமும் போர்டும்; தமிழில் எரர் விளக்கப் புத்தகமும் கடவுச்சொல்லும் வாங்கியவர் கையில்; மென்பொருளை விடும்போது தரவு முழுவதும் பொதுக் கோப்பாக. சங்கத்தில் உறுப்பினரல்லாத பவர்டேபிள்காரருக்கும் இதே வரிகள் பொருந்த வேண்டும். பெரிய கம்பெனிகளின் ஆர்டரைக் குறித்த தேதிக்குள் தைத்துக்கொடுப்பதில் அவருக்கும் பங்கு இருக்கிறது.